வாராத இரண்டாம் பாகம்



நல்ல கதையொன்றைக் கேட்டு முடித்ததும் நம் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, "பிறகு என்ன நடந்தது?" என்பதே. பாட்டியின் மடியில் கதை கேட்கும் குழந்தையும் அதைத்தான் கேட்கிறது. காப்பியம் கற்ற புலவனும் அதைத்தான் கேட்கிறான். கோவலன் மாண்டான், கண்ணகி வானுலகு புகுந்தாள். மாதவி பெற்ற மகள் என்ன ஆனாள்? இக்கேள்விக்கு விடையாக அமைந்தது மணிமேகலை. சிலம்பைப் பாடியவர் இளங்கோவடிகள்; மணிமேகலையைப் பாடியவர் சாத்தனார். கம்பர் முடிசூட்டு விழாவோடு நிறுத்திய இராம கதைக்கு உத்தர காண்டம் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது வழிவழி வந்த செய்தி. 1954ஆம் ஆண்டில் 'பொன்னியின் செல்வன்' நிறைவெய்தியபோது, மேலே என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி அவர்களுக்கு விடை கூற வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அக்கதையை மேலும் நடத்திச் சென்றார். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றொருவர் எழுத்தாணியை எடுத்துக்கொள்வது நம் இலக்கியத்தில் பழகிய வழக்கம் என்பதற்கு இவை போதும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அதே கேள்வி ஒரு புதிய கலையில் எழும்போது நேர்வது யாது என்பது. வீடியோ கேம் என்று நீங்கள் வழங்கும் ஆட்டங்களையே குறிக்கிறேன். பலரால் விரும்பப்பட்டும், தொடர்ச்சி வேண்டும் என்று ஆண்டுக் கணக்காகக் கேட்கப்பட்டும், இரண்டாம் பாகமோ மூன்றாம் பாகமோ காணாமல் நின்றுபோன ஆட்டங்கள் பல. ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் பேசுவதற்கு இதுவா பொருள் என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். பள்ளியில் மாணவர்கள் ஆர்வத்தோடு பேசிக்கொள்ளும் எந்தப் பொருளையும் ஆசிரியன் புறக்கணித்தல் கூடாது என்பது எனக்குப் பயிற்சிக் கல்லூரியிலேயே கற்பிக்கப்பட்ட பாடம். அன்றியும், இந்த ஆட்டங்கள் ஏன் தொடரவில்லை என்று ஆராய்ந்தால், கலைப் படைப்பு ஒன்று யாருக்கு உரியது என்னும் பெரிய வினாவில் போய் நிற்போம்.

முதலில் இக்கலையின் இயல்பைப் பார்ப்போம். நாவலில் வேறொருவன் செய்ததை நாம் படிக்கிறோம். நாடகத்தில் வேறொருவன் செய்வதைக் காண்கிறோம். வீடியோ ஆட்டத்திலோ கதைத்தலைவனை நடத்துவது நம் கை. கதவைத் திறப்பதும் திறவாது விடுவதும் நம் விருப்பம். ஆகையால் ஆட்டம் பாதியில் நின்றால், "அவன் பிறகு என்ன செய்தான்?" என்ற கேள்வியோடு, "நான் தொடங்கிய செயல் என்ன ஆயிற்று?" என்ற கேள்வியும் சேர்கிறது. இருபது ஆண்டு கழிந்த பின்பும் ஆடியவர்கள் அதை மறவாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி, தொடர்ச்சிக்குத் தகுதி உடையது எது? இரு வகை உண்டு. கதை நடுவில் அறுபட்டு நிற்பது ஒரு வகை. கதை முடிந்துவிட்டது; ஆயினும் அது நிகழ்ந்த உலகம் இன்னும் பல கதைகளுக்கு இடம் தருகிறது என்பது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆட்டத்தை முதலில் காண்போம்.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் 'கிரிம் ஃபண்டாங்கோ' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் ஆசிரியர் டிம் ஷேஃபர். மெக்சிகோ மக்கள் இறந்தோரை நினைந்து கொண்டாடும் திருநாளின் மரபையும், 1940களின் துப்பறியும் திரைப்படங்களின் இருண்ட அழகையும் இணைத்து அவர் ஓர் உலகத்தைப் படைத்தார். அங்கே உயிர்கள் எலும்புப் பாவைகளாக உலவுகின்றன. கதைத்தலைவன் மேனி கலவேரா, இறந்து வருவோருக்கு மறுமைப் பயணச் சீட்டு விற்கும் அலுவலன். நன்றாக வாழ்ந்தவர்க்கு ஒன்பதாம் எண் இரயிலில் இடம் உண்டு. நான்கு ஆண்டு நடந்து கடக்க வேண்டிய வழியை அவ்வண்டி நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். அல்லாதார் நடந்தே செல்ல வேண்டும். புண்ணியம் செய்த ஒரு பெண்ணுக்கு உரிய சீட்டு கிடைக்காமற்போக, அதன் பின்னால் ஒரு பெரும் மோசடி இருப்பதை மேனி கண்டறிகிறான். நல்லவர்களின் சீட்டுகள் களவாடப்பட்டு விற்கப்படுகின்றன! அப்பெண்ணைத் தேடி அவன் நான்கு ஆண்டுகள் அலைவதே கதை.

விமரிசகர்கள் இதனை வாயாரப் புகழ்ந்தார்கள். ஆனால் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. உரையாடியும் புதிர் அவிழ்த்தும் கதையை நடத்தும் சாகச ஆட்டங்களின் சந்தையே அந்நாளில் சுருங்கிக்கொண்டிருந்தது. அதே நிறுவனம், தன் பழைய சாகச ஆட்டங்களில் இரண்டுக்குத் தொடங்கியிருந்த தொடர்ச்சிகளை 2003லும் 2004லும் வேலை நடந்துகொண்டிருந்த நிலையிலேயே கைவிட்டது. அத்தகைய காலத்தில் 'கிரிம் ஃபண்டாங்கோ'வுக்கு இரண்டாம் பாகம் எங்கிருந்து வரும்?

இங்கே நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். மேனியின் கதைக்குத் தொடர்ச்சி தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து. இறுதிக் காட்சியில் அவனுக்கு இரயிலில் இடம் கிடைத்துவிடுகிறது. வண்டியேறிப் போனவனைப் பிடித்துத் திரும்ப இழுத்துவருவது கதைக்குச் செய்யும் தீங்கு. ஆயினும் அந்த உலகம் இருக்கிறது. அங்கே நடந்துசெல்லும் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் கதையைச் சொல்லலாம். கோவலன் கதையைத் திரும்பச் சொல்லாமல் அவன் மகளின் கதையைச் சொன்ன சாத்தனாரின் வழி அது. தொடர்ச்சி வேண்டுவோர் இந்த வேறுபாட்டை உணர்ந்து கேட்டால், கேட்பதற்கு மதிப்பு உண்டு.

அடுத்து, கதை நடுவிலே அறுபட்ட வகை. ஜப்பானில் சேகா நிறுவனத்தில் பணியாற்றிய யூ சுசூகி என்பவர் 'ஷென்மூ' என்னும் ஆட்டத்தை 1999ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார். கதை 1986ஆம் ஆண்டில் யோகோசுகா என்னும் துறைமுக நகரில் தொடங்குகிறது. ரியோ என்னும் இளைஞனின் கண்ணெதிரில் அவன் தந்தை கொல்லப்படுகிறார். கொன்றவனைத் தேடி அவன் புறப்படுகிறான். இவ்வளவே கதை, ஆனால் அதைச் சொன்ன முறை புதுமையானது. வீட்டில் உள்ள மேசை இழுப்பறை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கலாம். தெருவில் போவோர் வருவோர்க்கெல்லாம் தனித்தனிப் பெயரும் அன்றாட வேலையும் உண்டு. கடைகள் நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடும். துறைமுகத்தில் ரியோ கூலிக்குச் சுமை தூக்கும் வண்டி ஓட்டுகிறான். அதை நாமே நாள்தோறும் ஓட்ட வேண்டும். பழிவாங்கப் புறப்பட்டவனும் பகற்பொழுதில் வேலைக்குப் போக வேண்டியவனே என்பதை எந்தக் கலை இவ்வளவு பொறுமையாகக் காட்டியிருக்கிறது!

அப்பொறுமைக்கு விலை இருந்தது. பின்னாளில் சுசூகி கூறிய கணக்குப்படி ஆன செலவு 4 கோடியே 70 இலட்சம் டாலர். அந்நாளில் எந்த ஆட்டத்துக்கும் அது மலைக்கத்தக்க தொகை. இந்த ஆட்டமோ அப்போது ட்ரீம்காஸ்ட் என்னும் ஒரே கருவியில் மட்டும் ஆடக்கூடியதாக இருந்தது. அக்கருவியைப் போதிய மக்கள் வாங்கவில்லை. கருவியே வீட்டில் இல்லாதவன் ஆட்டத்தை எங்ஙனம் வாங்குவான்? 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேகா அக்கருவியின் உற்பத்தியையே நிறுத்திவிடப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டில் இரண்டாம் பாகம் வெளிவந்தது. சீன நாட்டுக் குயிலின் மலைகளுக்கிடையே, ஒரு குகையில், ஒரு பெரிய மர்மத்தின் வாயிலில் ரியோவை நிறுத்திவிட்டுக் கதை அறுந்தது.

அந்தக் குகை வாயிலில் ஆட்டக்காரர்கள் 18 ஆண்டுகள் நின்றார்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுசூகி பொதுமக்களிடமே பொருளுதவி கேட்டார். 20 இலட்சம் டாலர் வேண்டும் என்றார். அத்தொகை ஒன்பது மணி நேரத்துக்குள் சேர்ந்துவிட்டது. முடிவில் ஏறத்தாழ 69,000 பேர் அளித்த தொகை 63 இலட்சம் டாலரைக் கடந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாம் பாகம் வெளியாயிற்று. அதிலும் கதை முடியவில்லை! தந்தையைக் கொன்றவன் இன்னும் அகப்படவில்லை. தொடர்ச்சி கிடைப்பதும் முடிவு கிடைப்பதும் வெவ்வேறு என்பதை ஷென்மூவின் அன்பர்கள் போல் அறிந்தவர் வேறு எவரும் இலர். எனினும், சந்தை கைவிட்ட ஒரு கதையை மக்கள் ஊர்கூடித் தேர் இழுப்பதுபோல் பல காதம் இழுத்து வந்தார்கள் என்பது பெருமைக்குரிய செய்தியே.

பணம் இல்லாமையால் நின்றது பணம் சேர்ந்ததும் நகர்ந்தது. பணத்தாலும் நகர்த்த முடியாத தடை ஒன்று உண்டு. அதுதான் உரிமைச் சிக்கல்.

2000ஆம் ஆண்டில் மோனோலித் என்னும் நிறுவனம் ஆக்கிய ஆட்டம் ஒன்று. 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்பது அதன் பெயர். 1960களில் நடக்கும் ஒற்றர் கதை. தலைவி கேட் ஆர்ச்சர், ஸ்காட்லாந்தில் பிறந்தவள். பெண் என்பதற்காக மேலதிகாரிகளால் அலட்சியப்படுத்தப்பட்டு, ஒவ்வொரு பணியிலும் தன் திறமையை மெய்ப்பிப்பவள். விமானம் வெடித்துச் சிதற, பாராசூட் இன்றி வானிலிருந்து விழுந்துகொண்டே, எதிரி ஒருவனிடமிருந்து பாராசூட்டைப் பறித்துக்கொள்ளும் காட்சி ஒன்று அதில் உண்டு. மறைந்து நின்று கேட்டால், காவலுக்கு நிற்கும் எதிரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நகைச்சுவை விருந்தாக அமையும். ஒற்றர் கதைகளைக் கேலி செய்துகொண்டே நல்லதோர் ஒற்றர் கதையைச் சொன்ன ஆட்டம் அது. 2002ஆம் ஆண்டில் இரண்டாம் பாகமும் வந்தது. கேட் ஆர்ச்சருக்கு மூன்றாம் பாகம் இன்று வரை வரவில்லை.

காரணம் கேளுங்கள். முதல் ஆட்டத்தை வெளியிட்டது ஃபாக்ஸ் இன்டராக்டிவ். அதனை 2003இல் விவெண்டி நிறுவனம் வாங்கிற்று. விவெண்டியின் ஆட்டத் துறை 2008இல் ஆக்டிவிஷனோடு கலந்தது. ஆட்டத்தை ஆக்கிய மோனோலித்தையோ 2004இல் வார்னர் பிரதர்ஸ் வாங்கிற்று. இவ்வாறு கைமாறிக் கைமாறி, கேட் ஆர்ச்சர் யாருக்கு உரியவள் என்பதே மயக்கத்துக்கு இடமாயிற்று. பழைய ஆட்டங்களைப் புதிய கணிப்பொறிகளில் ஓடுமாறு செப்பனிட்டு வெளியிடும் நைட்டைவ் என்னும் நிறுவனம் 2014ஆம் ஆண்டளவில் இதனை மீட்க முயன்றது. ஃபாக்ஸ், ஆக்டிவிஷன், வார்னர் ஆகிய மூன்று வாயில்களையும் தட்டியது. உடன்பாடு கிட்டவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. இதற்குப் பின் ஃபாக்ஸின் பெரும்பகுதி 2019இல் டிஸ்னிக்கும், ஆக்டிவிஷன் 2023இல் மைக்ரோசாப்டுக்கும் போயின. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் வார்னர் நிறுவனம் மோனோலித்தை மூடிவிட்டது. கிராமங்களில் பாகப்பிரிவினை வழக்கில் சிக்கிய வீட்டைப் பார்த்திருப்பீர்கள். குடியிருக்கவும் ஆளில்லை, விற்கவும் வழியில்லை, இடிந்து விழுவது ஒன்றே அதற்கு எஞ்சிய கதி. அதே நிலைதான் இந்த ஆட்டத்துக்கும்.

இதற்கு எதிர்மறையான எடுத்துக்காட்டையும் கூறிவிடுகிறேன். ஸ்டீவ் பர்செல் என்னும் ஓவியர் 1987ஆம் ஆண்டில் 'சாம் அண்ட் மேக்ஸ்' என்னும் சித்திரக் கதையை வெளியிட்டார். நாய் ஒன்றும் முயல் ஒன்றும் துப்பறியும் வேடிக்கைக் கதை அது. லூக்காஸ் ஆர்ட்ஸ் அதனை 1993இல் ஆட்டமாக்கியது. நான் முன்பு கூறிய கைவிடப்பட்ட தொடர்ச்சிகள் இரண்டில் இதன் தொடர்ச்சியும் ஒன்று. ஆனால் பாத்திரங்களின் உரிமையைப் பர்செல் தம்மிடமே வைத்திருந்தார். நிறுவனத்துக்கு அளித்த அனுமதி 2005இல் காலாவதியாயிற்று. அவர் தம் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு டெல்டேல் என்னும் வேறொரு நிறுவனத்துக்குச் சென்றார். 2006ஆம் ஆண்டிலிருந்து புதிய கதைகள் வரிசையாக வெளிவந்தன. நாயும் முயலும் பிழைத்தன. கேட் ஆர்ச்சர் பிழைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்ட சில வரிகளே.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. பணம் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது, ஆயினும் ஆக்கியோரே வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்'. 1998இல் முதல் ஆட்டமும் 2004இல் இரண்டாம் ஆட்டமும் வெளிவந்தன. இரண்டாம் ஆட்டத்தின் கதையை மூன்று சிறு பகுதிகளாக நீட்டிப்பதாக அறிவித்தார்கள். முதற் பகுதி 2006இல் வந்தது. இரண்டாம் பகுதி 2007 அக்டோபரில் வந்தது. கதைத்தலைவியின் தந்தை அவள் கண்முன் கொல்லப்படும் துயரக் காட்சியோடு அது முடிந்தது. மூன்றாம் பகுதி என்ற பெயரில் எதுவும் வரவில்லை. 2020இல் வெளியான 'அலிக்ஸ்' என்னும் ஆட்டம் பெரும்பாலும் காலத்தால் முற்பட்ட நிகழ்ச்சிகளையே கூறிற்று.

அந்நிறுவனத்துக்குப் பணக் குறைவு இல்லை. பின் ஏன் நிறுத்தினார்கள்? 2024ஆம் ஆண்டில் இரண்டாம் ஆட்டத்தின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கென வெளியான ஆவணப் படத்தில், பாதியில் விடப்பட்ட காட்சிகளைக் காட்டியதோடு காரணத்தையும் கூறினார்கள். கதையை முடிப்பதற்காக மட்டும் ஓர் ஆட்டத்தை ஆக்குவது ஆட்டக்காரர்க்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து நழுவுவதாகும். கலையில் ஒரு படியாவது முன்னேற வழி தெரிய வேண்டும். அவ்வழி தமக்குத் தெரியவில்லை என்பது அதன் தலைவர் கேப் நியூவெல் கூறியதன் சாரம்.

இதை ஏற்பதா, மறுப்பதா? இரண்டுக்கும் இடம் உண்டு. பழைய அரிசியை மீண்டும் உலையிலிட்டு விருந்து என்று படைக்க மறுக்கும் சமையற்காரனை நாம் மதிக்க வேண்டும். ஆனால் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, விருந்தினரை அமர்த்திய பிறகு அடுப்பை அணைப்பது முறையாகுமா? மூன்று பகுதி என்று அறிவித்ததும் அவர்களே அன்றோ! இந்நிலையில், கதையின் எழுத்தாளராக இருந்த மார்க் லெய்ட்லா, 2016இல் நிறுவனத்தை விட்டு விலகிய பின், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு கடிதம் வெளியிட்டார். பாத்திரங்களின் பெயர்களை மாற்றி, தம் கற்பனையில் மூன்றாம் பகுதி எவ்வாறு அமைந்திருக்கும் என்பதைக் கதைத்தலைவனே எழுதும் மடலாக அதில் வரைந்திருந்தார். பத்தாண்டு காத்திருந்தவர்களுக்கு அது ஓர் ஆறுதல். ஆட்டம் வரவில்லையாயினும், தலைவன் என்ன ஆனான் என்று சொல்ல வேண்டிய பொறுப்பை எழுத்தாளர் உணர்ந்தார்.

ஆகவே, விரும்பப்பட்ட ஆட்டம் தொடராமற்போவதற்கு மூன்று காரணங்கள் கண்டோம்: பணம் இன்மை, உரிமைச் சிக்கல், ஆக்கியோரின் மனத்தயக்கம். மக்களின் அன்பு குறைந்தது என்பது இம்மூன்றிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி ஒருவர் கேட்கலாம்: "அன்பு இருக்கிறதே, அன்பர்களே தொடர்ச்சியை ஆக்கிக்கொள்ளக் கூடாதா? இளங்கோ நிறுத்திய இடத்தில் சாத்தனார் தொடங்கவில்லையா?" அம்முயற்சியும் நடந்தது. 1995இல் ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் வெளியிட்ட 'க்ரோனோ ட்ரிக்கர்' காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் அருமையான கதை. 1999இல் வந்த 'க்ரோனோ க்ராஸ்' அதன் வழித்தோன்றல். மூன்றாவது ஒன்று வரவே இல்லை. அன்பர்கள் சிலர், ஊதியம் கருதாது, பல ஆண்டு உழைத்து, இரண்டு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட கதையைத் தாமே ஓர் ஆட்டமாக உருவாக்கினார்கள். அது நிறைவுறும் தறுவாயில், 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், உரிமையாளரான ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்திடமிருந்து வழக்கறிஞர் கடிதம் வந்தது. வேலை நின்றது. சட்டப்படி நிறுவனம் செய்தது தவறன்று. ஆயினும், தான் ஆக்கவும் மாட்டாமல் பிறர் ஆக்கவும் விடாமல் இருப்பது சட்டத்துக்கு ஒத்ததாக இருந்தாலும் கலைக்கு ஒத்ததாகுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது வால்வ். முதல் 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தை அன்பர்கள் புதிய பொறியில் முழுவதும் திரும்ப ஆக்கி, 'பிளாக் மெசா' என்று பெயரிட்டு, 2012இல் இலவசமாக வெளியிட்டார்கள். நிறுவனம் தடுக்கவில்லை, விலைக்கு விற்கவும் அனுமதித்தது. 2020இல் அது முழுமை பெற்றது. மூன்றாம் பகுதியைத் தராத நிறுவனமே முதற்பகுதியை அன்பர்கள் கையில் நம்பிக் கொடுத்தது. ஓலையும் எழுத்தாணியும் இருந்தால் போதும் என்றிருந்த காலத்தில் புலவர் ஒருவர் யாரையும் கேளாமல் தொடர்ந்து பாடலாம். நூற்றுக்கணக்கானோர் கூடி உழைத்து, பெரும்பொருள் செலவிட்டு ஆக்கும் கலையில் அத்தனை உரிமை இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இரண்டு நிறுவனங்களும் நடந்துகொண்ட முறையை ஒப்பிட்டால், உரிமையோடு பெருந்தன்மையும் ஒரே இடத்தில் குடியிருக்க முடியும் என்பது தெளிவாகும்.

இளைஞர்களே, இதுவரை இரண்டாம் பாகத்தைப் பற்றியே பேசினோம். அதைவிட அவசரமான செய்தி ஒன்று உண்டு. அது முதற் பாகத்தைப் பற்றியது. 'கிரிம் ஃபண்டாங்கோ'வைச் செப்பனிட்டு 2015இல் மறுபடி வெளியிட்டார்கள். அதற்குள் லூக்காஸ் நிறுவனம் டிஸ்னியின் கைக்குப் போய்விட்டிருந்தது. டிம் ஷேஃபரின் புதிய நிறுவனத்தார் மூலக் கோப்புகளைத் தேடியபோது, அவை பழைய காந்த நாடாக்களில் கிடந்தன. நாடா கிடைத்தும் அதைப் படிக்கும் கருவி எளிதில் அகப்படவில்லை! பதினேழே ஆண்டுகளில் இந்த நிலை. அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை என்று கூறுகிறது. தொடர்ச்சி இல்லையே என்று நாம் வருந்திக்கொண்டிருக்கும் வேளையில், எதற்குத் தொடர்ச்சி வேண்டுமோ அதுவே மறைந்துகொண்டிருக்கிறது.

நமக்கு இந்த ஆபத்துப் புதிதன்று. சிலம்பும் மணிமேகலையும் ஓலைச் சுவடிகளில் செல்லரித்துக் கிடந்தன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி, ஒப்பிட்டு, சிலம்பை உரையோடு 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். அவர் போன்றோர் உழைத்திராவிட்டால் எது முதல் நூல், எது அதன் வழித் தொடர்ச்சி என்று பேசுவதற்கே நமக்கு இடம் இருந்திராது. மென்பொருள் ஏட்டினும் விரைவில் அழிவது. ஏடு முந்நூறு ஆண்டு தாங்கும். ஆட்டமோ, அதை ஓட்டும் கருவி நின்றுபோனால் முப்பது ஆண்டும் தாங்குவது அரிது.

எனவே உங்களுக்கு நான் கூற விரும்புவன சில. ஆட்டத்தை விரும்பி ஆடுகிறவர்கள், அதன் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒரு முறையேனும் படியுங்கள். நிறுவனத்தின் பெயரை அறிந்தோரே பலர், ஆக்கியோரின் பெயரை அறிந்தோர் சிலர். தொடர்ச்சி கேட்பதற்கு முன், முதல் ஆட்டம் நூலகத்திலும் காப்பகத்திலும் ஆடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களுள் கணிப்பொறி கற்று நாளை ஆட்டங்களை ஆக்கப்போகிறவர்கள் இருப்பீர்கள். கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பர்செல் என்னும் ஓவியரை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். எழுதிய நிரலை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி வையுங்கள். முடிக்க இயலாத கதையை மூன்று பாகம் என்று அறிவிக்காதீர்கள். அறிவித்துவிட்டு முடிக்க இயலாமற்போனால், லெய்ட்லாவைப் போல ஒரு மடலாவது எழுதிக் காத்திருப்போருக்கு விடை கூறுங்கள்.

வாராத தொடர்ச்சிக்காகக் காத்திருப்பதிலும் ஒரு பயன் உண்டு. "பிறகு என்ன நடந்தது?" என்று நெடுநாள் கேட்டுக்கொண்டிருப்பவன், ஒரு நாள் அதற்குத் தானே விடை சொல்லத் தொடங்குகிறான். அவ்விடை பழைய பெயர்களைத் தாங்கிவருவதைச் சட்டம் தடுக்கலாம். புதிய பெயர்களோடு, புதிய ஊரில், புதிய கதையாக வருவதை எந்தச் சட்டமும் தடுக்காது. உங்களுள் எவரேனும் அத்தகைய கதையொன்றை ஆக்கினால், அதைக் காணும் பேறு எனக்குக் கிடைக்கட்டும்.